மாதம் ஒரு மெட்டு: மூன்றாம் மாதமே மூச்சு வாங்குகிறது, என்ன செய்யலாம்?

பாளை_கீபோர்டு:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வயது 43. பகலில் இன்சூரன்ஸ் வேலை, ஞாயிறு காலையில் சர்ச் கொயரில் டெனர், மற்ற நேரத்தில் கீபோர்டு. சின்ன வயதில் டானிக் சோல்ஃபா, அதாவது டோ ரே மி எழுத்துகளைப் பார்த்துப் பாடியதுதான் என் சங்கீதப் படிப்பு மொத்தமும்.

ஜனவரியில் வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தேன். பெயர் 'மாதம் ஒரு மெட்டு'. பழைய கொயர் ஆட்கள் நாலு பேர், ஆபீஸில் ஒருவர், அவர்கள் இழுத்து வந்தவர்கள் என்று என்னோடு சேர்த்து 11 பேர். விதி எளிது: மாதக் கடைசிக்குள் ஆளுக்கு ஒரு சொந்தப் பாட்டு. கரோக்கி கிடையாது, சினிமாப் பாட்டு கிடையாது. சொந்த வரி, சொந்த மெட்டு, வீட்டிலேயே ரெக்கார்டிங்.

எங்கள் பக்கம் பாடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தால் சாப்பாட்டுப் பந்தி முடிந்தாலும் கீழே வைக்க மாட்டார்கள். ஆனால் "நீங்களே ஒண்ணு போட்டுப் பாடுங்களேன்" என்று சொன்னால் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும். அந்தக் கூச்சத்தை உடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஜனவரியில் 9 பாட்டு வந்தது. பிப்ரவரியில் 6. மார்ச்சில் 3, அதில் ஒன்று என்னுடையது. ஏப்ரல் பிறந்து ஒரு வாரம் ஆகிறது, குழுவில் 'குட் மார்னிங்' படங்கள் மட்டும் வருகின்றன.

நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுவாரசியமாக இருக்கட்டும் என்று பத்துக்கு மார்க் போட வைத்தேன். முதல் பரிசு 500 ரூபாய், என் கைக்காசு. குழுவில் ஒருவர் வீட்டில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறார், நல்ல மனுஷன். இரண்டு மாதமும் அவரே ஜெயித்தார். ஒரு டீச்சர், போனிலேயே பாடி அனுப்பினார். பின்னால் குக்கர் விசில் தெளிவாகக் கேட்கிறது. வரிகள் என்னவோ மிக நன்றாக இருந்தன, பள்ளிக்கூடம் விட்ட பிறகு காலியாகக் கிடக்கும் வகுப்பறை பற்றிய பாட்டு. அவருக்கு 3 மார்க். போட்டது நான்தான். அடுத்த வாரம் அவர் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போய்விட்டார். அந்தப் பல்லவி இன்னும் என் வாயில் இருக்கிறது, வண்டி ஓட்டும்போது தானாக வருகிறது. மார்க் போட்டபோது எங்கே போயிருந்தேன் என்று தெரியவில்லை.

இந்த மாதிரி தொடர்ந்து நடத்தி அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மார்க்கை எடுத்துவிடலாமா? மாதக் கெடு நீளமா, குட்டையா? தலைப்பு கொடுக்க வேண்டுமா? அப்புறம், இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டு செய்தபோது ட்ராக் எதுவும் ஒன்றோடு ஒன்று உட்காரவே இல்லை. அதற்கு யாராவது வழி சொன்னால் கும்பிட்டுக்கொள்வேன்.

பிப்ரவரிக்காரன்:

சார், மார்க்கை இன்றைக்கே எடுங்கள். 500 ரூபாய்க்கு எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

நான் சில வருடங்களாக 'ஃபாம்' என்று சுருக்கமாகச் சொல்லும் பிப்ரவரி ஆல்பம் எழுதும் மாதத்தில் கலந்துகொள்கிறேன். 2004இல் அமெரிக்காவில் பர் செட்டில்ஸ் என்பவர் நண்பர்கள் சிலரோடு ஆரம்பித்தது. 28 நாளில் 14 பாட்டு, அதாவது இரண்டு நாளுக்கு ஒன்று. லீப் வருடம் வந்தால் பதினாலரை! அந்த அரைப் பாட்டுக்கு இன்னொருவரோடு பாதிப் பாதி சேர்ந்துகொள்ளலாம். பரிசு கிடையாது, தேர்வுக் குழு கிடையாது. எண்ணிக்கை மட்டும்தான்.

கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாதம் முழுக்க ஒரே பாட்டு என்றால் அது நல்ல பாட்டாக இருக்க வேண்டும் என்று பயம் வந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒன்று என்றால் நல்ல பாட்டா என்று யோசிக்க நேரமே கிடையாது. போன தடவை நான் 9 எழுதினேன். ஏழாவது படு குப்பை, அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து போனில் பாடியது. எட்டாவது, என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே உருப்படியான பாட்டு. ஏழாவதை எழுதாமல் எட்டுக்கு வந்திருக்க முடியாது.

அதனால் ஒரு மாதக் கெடு உங்கள் பிரச்சினையில் பாதி என்பேன். யாரும் ஒரு மாதம் எழுதப் போவதில்லை. 27 நாள் தள்ளிப்போட்டு, 28ஆம் நாள் குற்ற உணர்ச்சி வந்து, 30ஆம் நாள் மௌனமாகிவிடுவார்கள். மார்க் வைடன்பாம் இணையத்தில் நடத்தும் டிஸ்க்வைட் ஜுன்டோ என்ற இசைக் குழுவைப் பாருங்கள். 2012 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வாரமும் நடக்கிறது. வியாழக்கிழமை ஒரு வேலை கொடுப்பார், திங்கள் இரவு கெடு. முதல் வாரத்து வேலை என்ன தெரியுமா? கிளாஸில் ஐஸ் கட்டி குலுங்கும் சத்தத்தைப் பதிவு செய்து அதிலிருந்து ஏதாவது பண்ணுங்கள் என்பது. அவ்வளவுதான். ஐஸ் கட்டிக்கு நல்ல ஐஸ் கட்டி, மட்டமான ஐஸ் கட்டி என்று உண்டா? ஸ்டுடியோ வைத்திருப்பவரும் உங்கள் டீச்சரும் அதில் சமம்.

இன்னொன்று. ஃபாமில் என்னை இழுத்துப் பிடித்தது பாட்டு எழுதும் வெறி இல்லை, பின்னூட்டம். முன்பின் தெரியாத ஒருவர் "இரண்டாவது சரணத்தில் அந்த நிறுத்தம் என்னைப் பிடித்து நிறுத்தியது" என்று எழுதினால் அடுத்த இரண்டு நாள் தூக்கம் கிடையாது. 'சூப்பர்', கட்டைவிரல் படம் எல்லாம் கணக்கில் சேராது. உங்கள் குழுவில் 9 பாட்டு வந்த மாதத்தில் ஒவ்வொரு பாட்டையும் முழுதாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

பாளை_கீபோர்டு:

உண்மையைச் சொல்லவா? மார்க் போட வேண்டும் என்பதற்காக நானே பாதியில் தள்ளித் தள்ளித்தான் கேட்டேன்.

கேபிள்_கருப்பு:

அண்ணே வணக்கம். நான் மதுரைப் பக்கம், பந்தலுக்கு மைக்செட் போடுகிற ஆள். ட்ராக் உட்காராத விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், கவிதை எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முதலில், வாட்ஸப்பில் ஆடியோவாகவோ வாய்ஸ் நோட்டாகவோ அனுப்பாதீர்கள். வாய்ஸ் நோட் என்பது பேச்சுக்காகச் சுருக்குவது. ஜால்ரா சத்தம் தண்ணீருக்குள் தட்டுகிற மாதிரி ஆகிவிடும். ஃபைலை 'டாக்குமெண்ட்' என்று இணைத்தால் அப்படியே போகும்.

இரண்டாவதுதான் உங்களை அழ வைத்தது. சேர்ந்து செய்யும் பாட்டுக்கு எம்பி3 மாற்றிக்கொண்டீர்களா? சத்தியமாக அப்படித்தான் இருக்கும். எம்பி3 ஆக்கும்போது முன்னால் கொஞ்சூண்டு மௌனம் ஒட்டிக்கொள்ளும், பல நேரம் 25 மில்லி விநாடி அளவுக்கு. கேட்க ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்துப் பாடித் திருப்பி அனுப்பி, அவர் மேலே இன்னொன்று வாசித்து, அதையும் எம்பி3 ஆக்கினால் தாளம் நொண்ட ஆரம்பித்துவிடும். சுருக்காத வேவ் ஃபைல்தான் போக வேண்டும். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்றால் நாலு நிமிஷத்துக்கு 32 எம்பி வரும். கூகுள் டிரைவில் 15 ஜிபி சும்மா தருகிறான், ஒரு பொது ஃபோல்டர் போட்டு வையுங்கள்.

அப்புறம் எல்லோரும் பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்தே எக்ஸ்போர்ட் பண்ண வேண்டும். புல்லாங்குழல் இரண்டாம் சரணத்தில்தான் வருகிறது என்றாலும் முதல் இரண்டு நிமிஷ வெறுமையையும் சேர்த்து அனுப்பட்டும். வாங்குகிறவர் இடது ஓரத்தில் ஒட்டிவைத்தால் போதும், தேடவே வேண்டாம். ஃபைல் பெயரில் பாட்டு, யார், டெம்போ (வேகம்), கட்டை (சுருதி) நாலும் இருக்கட்டும். 'நியூ ஃபைனல் ஃபைனல் 2' என்று ஒருத்தர் எனக்கு அனுப்பினார். அதில் எது ஃபைனல் என்று அவருக்கே தெரியவில்லை.

பாடும்போது காதில் புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் சத்தம் தாமதமாகத்தான் காதுக்கு வரும், தாளத்துக்கு வைத்த கிளிக் சத்தத்தைக் கேட்டுப் பாடுகிறவர் நேர்மையாகவே பின்தங்கிப் போவார். போனோடு வருகிற பழைய வயர் செட் போதும். அறை எதிரொலித்தால் துணி தொங்குகிற பீரோவைத் திறந்து அதைப் பார்த்துப் பாடச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், பட்டுப்புடவை அடுக்கின பீரோ பக்கத்தில் எடுத்த டேக் நான் கேட்டதிலேயே சுத்தமான டேக்.

கடைசியாக ஒன்று. ஸ்டுடியோக்காரர் இரண்டு மாதமும் ஜெயித்தார் என்கிறீர்கள். அவருடைய பாட்டு மற்றவர்களுடையதை விடச் சத்தமாக இருந்ததா? அவர் லிமிட்டர் போட்டு, அதாவது உச்சச் சத்தத்தை அமுக்கி மொத்தத்தையும் ஏற்றி அனுப்பியிருப்பார். ஒரே பாட்டையே கொஞ்சம் சத்தமாக வைத்துக் காட்டினால், மனுஷக் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. ஆடாசிட்டியில் 'லவுட்னெஸ் நார்மலைசேஷன்' என்று ஒரு எஃபெக்ட் இருக்கிறது, சும்மா கிடைக்கும் மென்பொருள்தான். எல்லாப் பாட்டையும் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) என்று ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். அந்த டீச்சர் பாட்டையும் அப்படியே ஏற்றிக் கேட்டுப் பாருங்கள் அண்ணே.

பாளை_கீபோர்டு:

கருப்பு, நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். ஸ்டுடியோக்காரர் பாட்டு என் பாட்டை விட ஏகத்துக்குச் சத்தம். எல்லாம் சமமான பிறகு டீச்சர் பாட்டை இரண்டு தடவை கேட்டேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது.

ஸ்காபரோ_சுருதி:

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணம், இப்ப டொரோண்டோவில். நாங்கள் எட்டுப் பேர் இப்படி ஒன்று மூன்று வருசமாக நடத்துகிறோம். மூன்று பேர் இங்கே, இரண்டு பேர் லண்டன், மற்றவர்கள் ஊரில்.

கெடு விஷயத்தில் முதல் சண்டை வந்தது எங்களுக்கு. ஞாயிறு நள்ளிரவு என்று ஊரில் இருந்த தம்பி அறிவித்தார். கோடையில் அது எங்களுக்கு ஞாயிறு பின்னேரம் இரண்டரை மணி. பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து பாடலாம் என்று இருந்தவர்கள் எல்லோரும் தவறவிட்டோம். இப்போது 'அவரவர் இருக்கும் ஊரில் இரவு 11:59' என்று வைத்திருக்கிறோம். மேலே ஒரு அண்ணா சொன்ன ஜுன்டோவிலும் இதே வழக்கம்தான், அதைப் பார்த்துத்தான் எடுத்தோம்.

நாங்கள் தனிப் பாட்டை விடச் சோடிப் பாட்டையே கூடுதலாகச் செய்கிறோம். சீட்டுக் குலுக்கிப் போடுவோம், ஒருவர் வரி, ஒருவர் மெட்டு. தனியாக என்றால் கைவிடுவது லேசு. இன்னொரு ஆள் உங்கள் வரிக்காகக் காத்திருக்கிறார் என்றால் கைவிட மனம் வராது. ஆனால் மெட்டு முதலா, வரி முதலா என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள். மெட்டு முதல் என்றால் தத்தகாரத்தில், 'தன்னன்னா' என்று பாடி அனுப்பினால் போதும், டம்மி வரி போடாதீர்கள். ஒரு முறை எங்கள் மெட்டுக்காரர் டம்மியாக 'பாண் வாங்க மறந்தேன்' என்று பாடி அனுப்பினார் (பாண் என்றால் உங்கள் பிரெட்). எழுதியவவுக்கு வேறு எந்த வரியும் வரவில்லை. கடைசியில் பாட்டே பாண் வாங்க மறந்த புருசனைப் பற்றித்தான்.

பாடுகிறவரின் கட்டையைக் கேட்காமல் ஒரு சுரமும் வாசிக்காதீர்கள். என் சோடி ஒன்றாம் கட்டையில் முழு ட்ராக்கும் வாசித்து முடித்துவிட்டுத்தான் அனுப்பினார். எனக்கு ஐந்தரை. அவருடைய மேல் ஸ்தாயி எனக்குக் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி. பாவம், திரும்ப வாசித்தார். கிட்டார் வேறு.

மூன்று மாதம் செய்தால் ஒரு மாதம் விடுமுறை. விடுமுறை மாதத்தில் யாரும் புதிதாகச் செய்யக்கூடாது, பழையதைச் சேர்ந்து கேட்போம், வீடியோ அழைப்பில், தேத்தண்ணியோடு. நின்றுபோகாமல் இருப்பதற்கு அந்த ஒரு மாதம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

உரிமை பற்றியும் முதலே கதைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1957 சட்டப்படி வரியும் மெட்டும் தனித்தனிப் படைப்பு, அவரவர்க்குத் தனி உரிமை. எங்களுக்குள் ஒருவர் மற்றவரைக் கேட்காமல் யூடியூபில் ஏற்றிவிட்டு, பிறகு மூன்று வாரம் ஆள் ஆளோடு பேசவில்லை. ஒரு செய்தியில் 'இருவரும் சம்மதித்தால்தான் வெளியே போகும்' என்று எழுதிக் குழுவில் மேலே ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

ஈற்றடியார்:

இளைஞர்கள் அமெரிக்கா வரை போய்விட்டு வந்திருக்கிறீர்கள். நம் வீட்டுத் திண்ணையையும் ஒருமுறை பாருங்கள் என்று சொல்ல இந்தக் கிழவன் வந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியன்.

கொடுத்த பொருளில் கொடுத்தபடியே உடனே பாடுகிறவனுக்கு ஆசுகவி என்று பெயர் வைத்து, நால்வகைப் புலவரில் ஒருவனாக எண்ணியவர்கள் நாம். காளமேகத்தின் பேரைச் சொல்லி இன்றும் அந்தக் கதைகள்தான் ஓடுகின்றன. ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்வது பத்திரிகைகளில் பல காலம் நடந்த விளையாட்டு. நானே கல்லூரி நாளில் தபால் கார்டில் எழுதிப் போட்டிருக்கிறேன், ஒன்றுகூட அச்சில் வரவில்லை என்பது வேறு கதை.

தலைப்புக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். தலைப்பு வேண்டாம். 'மழை', 'அம்மா' என்று கொடுத்தால் எல்லோரும் ஏற்கெனவே கேட்ட பாட்டைத் திரும்ப எழுதுவார்கள். முடிவைக் கொடுங்கள். கடைசி வரி இதுதான் என்று சொல்லிவிட்டால் அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்று மனம் தானாக வழி தேடும். இந்தாருங்கள், முதல் ஈற்றடி என் காணிக்கை:

கடைசிபஸ் போன தெரு

தளை தட்டாது, வெண்பா இலக்கணத்துக்குப் பொருந்தும், பார்த்துக்கொள்ளுங்கள். வெண்பாவாக எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை, பல்லவியோ சரணமோ இதில் வந்து நின்றால் போதும்.

பிப்ரவரிக்காரர் பரிசே வேண்டாம் என்கிறார். அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கொஞ்சம் சூடு இருந்தால்தான் பாட்டு பழுக்கும். ஆனால் கேட்பதே இல்லை என்ற நோய்க்கு மார்க்கை எடுப்பது மட்டும் மருந்தாகாது. அதற்கு அந்தாதி இருக்கிறது. முந்தியவர் பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில் அடுத்தவர் பாட்டு தொடங்க வேண்டும். வரிசை போட்டு, ஆளுக்கு மூன்று நாள். கடைசிச் சொல் என்ன என்று தெரிய வேண்டுமானால் பாட்டைக் கடைசி வரை கேட்டுத்தானே ஆக வேண்டும்? வரியைத் தட்டச்சுச் செய்து அனுப்பத் தடை போட்டுவிடுங்கள். கடைசி ஆளின் முடிவு முதல் ஆளின் தொடக்கத்தில் வந்து முட்டினால் மண்டலித்தது என்போம். 11 பேரும் அங்கே சேர்ந்துவிட்டால் அந்த 500 ரூபாயைச் செலவு செய்யுங்கள், நானும் பரோட்டாவுக்கு வருகிறேன்.

பிப்ரவரிக்காரன்:

ஐயா, தோற்றேன். அந்தாதி யோசனை ஐஸ் கட்டியை விட நல்லது. ஆனால் ஒன்று, நடுவில் ஒருவர் மூன்று நாளில் தரவில்லை என்றால் எல்லோரும் நிற்க வேண்டுமே? தராதவரைத் தாண்டிப் போய்விட வேண்டும், திட்டக் கூடாது. அவர் எப்போது வருகிறாரோ அப்போது வரிசையின் வாலில் சேர்ந்துகொள்ளட்டும். குழு செத்துப்போவது பெரும்பாலும் தவறவிட்டவர் முகம் காட்டக் கூச்சப்படுவதால்தான்.

பாளை_கீபோர்டு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று குழுவில் ஒரு செய்தி போட்டேன். மார்க் இல்லை. ஒரு மாதம் ஈற்றடி, ஒரு வாரக் கெடு, ஞாயிறு அவரவர் ஊரில் 11:59. அடுத்த மாதம் அந்தாதி, மூன்று மூன்று நாள். மூன்றாம் மாதம் சோடிப் பாட்டு. நாலாம் மாதம் தேத்தண்ணி மட்டும். பாட்டை ஃபோல்டரில் போடுமுன் வேறு இரண்டு பேர் பாட்டைப் பற்றி இரண்டிரண்டு வரி எழுத வேண்டும், 'சூப்பர்' என்ற சொல் இல்லாமல். ஸ்டுடியோக்காரர்தான் முதலில் பதில் போட்டார். கெடு முடிந்ததும் எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது தன் வேலை என்று ஏற்றுக்கொண்டார். அவருக்கும் தனியாக ஜெயித்து அலுத்துப் போயிருக்கிறது போல.

டீச்சருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே முந்திக்கொண்டார்: "மூணு விசிலுக்கு மூணு மார்க்கா சார்?" அப்புறம் ரொம்ப நேரம் சிரித்தோம். ஈற்றடியைச் சொன்னேன். அவர் தினமும் கடைசி பஸ்ஸில்தான் ஊருக்குப் போகிறவராம். வரி அவர், மெட்டு நான், பாடுவதும் அவர். கட்டை கேட்டேன், ஐந்தரை. நான் இரண்டில் வாசித்து முடித்திருந்தேன்.

கேபிள்_கருப்பு:

கீபோர்டுதானே அண்ணே, டிரான்ஸ்போஸ் பட்டன் எதுக்கு இருக்கு?

பாளை_கீபோர்டு:

இருக்கு தம்பி. போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அதை அமுக்கிவிட்டுத் திருப்பி வைக்க மறந்துபோனேன். மறுநாள் காலை ஈஸ்டர் ஆராதனை. மொத்தக் கொயரும் முதல் பாட்டை எந்த ஸ்தாயியில் பாடி முடித்தது என்று பாளையங்கோட்டைப் பக்கம் வந்தால் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். கையாலேயே வாசித்துக்கொள்கிறேன்.